டபிள்யூ.சி.டபிள்யூ. உலகப் பட்டம் செத்த தேதி எது?

கருப்புச்சட்டை:

போன வாரம் இன்னொரு இழையில் ஒருவர் போகிறபோக்கில் எழுதியிருந்தார்: "சினிமா நடிகர் டேவிட் ஆர்கெட் கையில் பெல்ட்டைக் கொடுத்தார்களே, அன்றைக்கே டபிள்யூ.சி.டபிள்யூ. பட்டம் செத்துப்போச்சு." இருபது வருஷத்துக்கு மேலாக இதையே கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இந்தத் தனி இழை.

புதிதாக வருபவர்களுக்காக இரண்டு வரி. டபிள்யூ.சி.டபிள்யூ. அமெரிக்காவில் இருந்த ரெஸ்லிங் கம்பெனி. 1991 ஜனவரியில் ரிக் ஃபிளேரை முதல் சாம்பியனாக வைத்து இந்தப் பட்டம் தொடங்கியது. 2001 மார்ச்சில் கம்பெனியை எதிரிக் கம்பெனி டபிள்யூ.டபிள்யூ.எஃப். (பிறகு டபிள்யூ.டபிள்யூ.இ.) முதலாளி வின்ஸ் மெக்மஹன் வாங்கினார். அதே வருஷம் டிசம்பர் 9 அன்று சான் டியேகோவில் கிறிஸ் ஜெரிக்கோ ஒரே ராத்திரியில் தி ராக்கையும் ஸ்டீவ் ஆஸ்டினையும் வென்று இரண்டு கம்பெனிப் பட்டத்தையும் ஒன்றாக்கினார். ஏட்டுக்கணக்கில் பட்டத்தின் கடைசி நாள் அதுதான்.

என் கட்சி வேறு. அது செத்தது 1999 ஜனவரி 4, அட்லாண்டா ஜார்ஜியா டோமில். எட்டு நாள் முன்னால்தான் ஸ்டார்கேட் நிகழ்ச்சியில் கெவின் நாஷ் கோல்ட்பர்க்கின் 173 வெற்றித் தொடரை முறித்துப் பட்டத்தை எடுத்திருந்தார். அதுவும் ஸ்காட் ஹால் மின்சாரக் குச்சியை வைத்த பிறகு. சரி, பழிவாங்கும் ஆட்டம் வரும் என்று ஊரே காத்திருந்தது. கோல்ட்பர்க்கைக் கதைப்படி போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் இடத்தில் ஹோகன் வந்தார். மணி அடித்தது. ஹோகன் அடிப்பதுபோல் கை ஓங்கினார், அடிக்கவில்லை. ஒரு விரலை நீட்டி நாஷின் மார்பில் தொட்டார். ஏழடிக்குக் கொஞ்சம் குறைவான அந்த ஆள் லாரி மோதியதுபோல் மல்லாக்க விழுந்தார். ஹோகன் மேலே படுத்தார், ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு எல்லோரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் நான் மன்னிக்கவே மாட்டேன். யார் கையில் பட்டம் இருக்கிறது என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று பட்டத்தை வைத்திருந்தவர்களே நம் முகத்துக்கு நேராகச் சொன்ன நாள் அது. ஆர்கெட் எல்லாம் பிணத்துக்குப் போட்ட மாலை.


மொட்டைமாடி:

அண்ணே அந்த "போன வாரம் ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், கோச்சுக்க மாட்டேன் 😄

ஆனா கட்சி மாற மாட்டேன். விரலால தொட்டதுகூட ரெண்டு ரெஸ்லருக்குள்ள நடந்த களவாணித்தனம். ஆர்கெட் மேட்டர் என்னன்னு ஒருதடவை நிதானமா யோசிங்க. 2000 ஏப்ரல், டபிள்யூ.சி.டபிள்யூ.வோட தண்டர் டி.வி. ஷோ. ஒரு பக்கம் டைமண்ட் டாலஸ் பேஜும் ஆர்கெட்டும், இன்னொரு பக்கம் ஜெஃப் ஜாரெட்டும் எரிக் பிஷாஃபும். யார் பின் பண்றாங்களோ அவங்களுக்கு பெல்ட். அப்போ சாம்பியன் யாரு? பேஜ்! ஆர்கெட்டோட சொந்த டீம் ஆளு! ஆர்கெட் யாரைப் பின் பண்ணாரு? பிஷாஃபை! அவரு ரெஸ்லரே இல்ல, ஆபீஸ் ஆளு!

அதாவது ஒரு நடிகர் ஒரு மேனேஜரைப் படுக்கவெச்சு, ஓரமா நின்னுட்டிருந்த சொந்த பார்ட்னர்கிட்ட இருந்து உலகப் பட்டத்தை வாங்கிட்டாரு. இதை எங்க ஆயாகிட்ட சொன்னா "யாருடா தோத்தது?"ன்னு கேக்கும். இன்னிவரைக்கும் எனக்கே பதில் தெரியல.


கருப்புச்சட்டை:

ஆயா கேட்பது நியாயம்தான். ஆனால் ஆர்கெட்மேல் பழி போடுவது நியாயமில்லை. அந்த யோசனை வேண்டவே வேண்டாம் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். அவர் சின்ன வயதிலிருந்தே ரசிகர், ரசிகர்கள் தன்னைக் கரித்துக்கொட்டுவார்கள் என்று தெரிந்தேதான் இருந்தார். அதில் கிடைத்த பணத்தை, இறந்துபோன ரெஸ்லர்கள் ஓவன் ஹார்ட், பிரையன் பில்மன் குடும்பங்களுக்கும், ரிங்கில் அடிபட்டு உடல் செயலிழந்த டிராஸுக்கும் கொடுத்துவிட்டார். பட்டத்தை வைத்திருந்தது பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாளில் சாகிற பட்டமாக அது இருந்தது என்றால் அதற்கு முன்பே அதில் உயிர் இல்லை என்றுதானே அர்த்தம்? என் வாதத்தையே நீங்கள் பேசுகிறீர்கள் தம்பி.


கணக்கர்:

இருவருமே உணர்ச்சியை வைத்துத் தேதி குறிக்கிறீர்கள். கொஞ்சம் எண்ணையும் பார்ப்போம்.

1999 ஜனவரி 4 இரவு வின்ஸின் டி.வி. நிகழ்ச்சி ரா வாங்கிய ரேட்டிங் 5.7. அதே நேரத்தில் வந்த டபிள்யூ.சி.டபிள்யூ.வின் நைட்ரோ வாங்கியது 5.0. தோல்விதான், ஆனால் 5.0 என்பது பிணம் வாங்குகிற எண்ணா? இன்னொன்று. நைட்ரோ ராவைக் கடைசியாக வென்ற வாரம் எது தெரியுமா? 1998 அக்டோபர் 26. முந்தின நாள் ஹாலோவீன் ஹேவக் என்ற கட்டண நிகழ்ச்சி நேரம் தாண்டிப் போனதால் பல வீடுகளில் ஒளிபரப்பு பாதியில் அறுந்தது. காசு கட்டியவர்களுக்கு கோல்ட்பர்க்–பேஜ் ஆட்டம் தெரியவில்லை. அதனால் மறுநாள் அந்த ஆட்டத்தை இலவசமாகவே நைட்ரோவில் போட்டார்கள். அந்த வாரம் வென்றது. பிறகு எப்போதும் இல்லை. ஆக, விரல் தொடுவதற்கு இரண்டு மாதம் முன்பே சரிவு தொடங்கிவிட்டது. அந்த ஒரு இரவை எல்லாவற்றுக்கும் காரணமாக்குவது பிறகு கட்டிய கதை.

பட்டத்தைக் கொன்றது ரிங்கில் நடந்த எதுவுமே இல்லை. 2001 ஜனவரியில், டபிள்யூ.சி.டபிள்யூ.வை வைத்திருந்த டைம் வார்னர் ஏ.ஓ.எல்.லோடு இணைந்து முடிந்தது. அதே மாதம் பிஷாஃபும் ஃப்யூஷியன்ட் நிறுவனமும் டபிள்யூ.சி.டபிள்யூ.வை வாங்குவதாக அறிவித்தார்கள். மார்ச்சில் அவர்களுடைய டி.வி. பிரிவான டர்னர் நிறுவனத்துக்குப் புதுத் தலைவராக வந்த ஜேமி கெல்னர், எங்கள் சேனல்களில் இனி ரெஸ்லிங் வேண்டாம் என்றார். ஒளிபரப்பு நேரம் இல்லாத ரெஸ்லிங் கம்பெனியை எவன் வாங்குவான்? ஃப்யூஷியன்ட் விலகியது. வின்ஸ் வந்து, வைத்த பொருளை எடுத்துக்கொண்டு போகிறமாதிரி எடுத்துக்கொண்டு போனார். 2000ஆம் ஆண்டில் மட்டும் ஆறு கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லப்பட்டது, உண்மை. ஆனால் நஷ்டத்தில் இருப்பவன் செத்தவன் ஆகமாட்டான். ஒரு நேர அட்டவணைதான் அதைக் கொன்றது.


மொட்டைமாடி:

கணக்கர் சார் ஆடிட்டரா? நஷ்டத்துல இருக்கறவன் செத்தவன் இல்லன்னு எங்க ஓனருக்கும் கொஞ்சம் சொல்லுங்க 🙏


பழையபேப்பர்:

எல்லோரும் தப்பான இடத்தில் தோண்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டம் பிறக்கும்போதே சீக்காளி.

முதல் சாம்பியன் ஃபிளேர். 1991 கோடையில் கம்பெனித் தலைவர் ஜிம் ஹெர்டுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. பீட்சா கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்த ஆள் ஹெர்ட். சம்பளத்தைக் குறை, முடியை வெட்டிக்கொள், வேறு வேஷம் போடு என்கிற அளவுக்குப் போனது. கடைசியில் வேலையை விட்டுத் தூக்கினார்கள். தூக்கினவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்தக் காலத்து ரெஸ்லிங் கூட்டமைப்பான என்.டபிள்யூ.ஏ. வழக்கப்படி சாம்பியன் பெல்ட்டுக்கு 25,000 டாலர் முன்பணம் கட்டியிருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டு அட்வான்ஸைத் தராத வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுப்பீர்களா?

அந்த பெல்ட் எது என்பதையும் சொல்ல வேண்டும். 1986இல் நெவாடா மாநிலம் ரீனோவில் சார்லஸ் கிரம்ரின் என்ற வெள்ளிவேலைக்காரர் செய்தது. குதிரையேற்றக்காரர்களுக்கு இடுப்பு பக்கிள் செய்கிற கைதான் அது. அதனால்தான் அந்தத் தட்டில் அவ்வளவு கொடி வேலை. மற்ற பெல்ட்டெல்லாம் கோப்பையை நசுக்கித் தட்டையாக்கியதுபோல் இருக்கும். இது ஒன்றுதான் நகை மாதிரி இருக்கும்.

அந்த நகை ஃபிளேரோடு போய்விட்டது. 1991 ஜூலை 14, பால்டிமோர். கூண்டுக்குள் லெக்ஸ் லூகரும் பாரி விண்டமும் காலியான பட்டத்துக்கு மோதுகிறார்கள். வென்றவருக்குக் கொடுக்க பெல்ட் இல்லை. கைவிட்ட வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஹெரிடேஜ் பட்டம் ஒன்று மூலையில் கிடந்தது, அதன்மேல் உலக சாம்பியன் என்று தகடு ஒட்டிக் கொடுத்தார்கள். அரங்கம் முழுக்க "எங்களுக்கு ஃபிளேர் வேண்டும்" என்ற கத்தல். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அசல் பெல்ட்டை பாபி ஹீனன் எதிரிக் கம்பெனி டி.வி.யில் தூக்கிக் காட்டினார். டபிள்யூ.சி.டபிள்யூ. கோர்ட்டுக்குப் போனது. அப்புறம் ஃபிளேர் வேறு ஒரு பெல்ட்டோடு வந்தார், திரையில் அதை மங்கலாக்கிக் காட்டினார்கள்.

ஆறு மாதக் குழந்தை. அதற்குள் ஒட்டுத்தகடு, கோர்ட், மங்கல் கட்டம். 1999 வரை இழுத்துக்கொண்டு வந்ததே பெரிது.


கருப்புச்சட்டை:

ஐயா, வணக்கம். பால்டிமோர் கதை எனக்கும் தெரியும். ஆனால் சீக்காளிக் குழந்தை தேறியதே! அடுத்த வருஷமே, அதே பால்டிமோரில், 1992 ஆகஸ்ட் 2 அன்று ரான் சிம்மன்ஸ் வேடரை வென்றாரே. ஸ்டிங்குக்குக் கிடைக்க வேண்டிய ஆட்டம். அவரை ஜேக் ராபர்ட்ஸ் தாக்கிவிட, சீட்டுக் குலுக்கிப் பார்த்து சிம்மன்ஸ் பெயர் வந்தது. முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர், கறுப்பினத்தவர். அந்த ஆட்டம் முடிந்ததும் காமிரா கூட்டத்தைக் காட்டும். ஒரு கறுப்பினச் சிறுவன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான், பெரியவர்கள் துள்ளுவார்கள். செத்த பட்டம் அப்படி யாரையும் துள்ளவைக்காது.


பழையபேப்பர்:

அதை ஒத்துக்கொள்கிறேன். சிம்மன்ஸ் ராத்திரி நிஜம். ஆனால் அந்த டிசம்பரிலேயே பட்டத்தைத் திரும்ப வேடரிடம் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கம்பெனிக்கு நல்லது எப்போதுமே கைதவறித்தான் நடக்கும்.


ஸ்காபரோக்காரன்:

வணக்கம். கன நாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்கு எழுதாம இருக்க ஏலாது.

கருப்புச்சட்டை அண்ணை, 99 ஜனவரியில செத்தது எண்டுறியள். அப்ப 99 நவம்பர் 21 நான் பாத்தது என்ன? டொரொண்டோ ஏர் கனடா சென்டர், மேஹெம் நிகழ்ச்சி. எனக்கு அப்ப பதினேழு வயசு. நானும் மச்சானும் யூனியன் ஸ்டேஷன்ல இறங்கி ஓடினனாங்கள். மலிவான சீட், கூரைக்குக் கிட்ட, ரிங் ஒரு தீப்பெட்டி அளவுதான் தெரிஞ்சது.

பட்டம் அப்ப காலி. அந்த வருசத்து ஹாலோவீன் ஹேவக் குழப்பத்துக்குப் பிறகு முப்பத்திரண்டு பேருக்கு ஒரு சுற்றுப்போட்டி வச்சவை. கடைசி நாலு பேர் எங்கட ஊரில. பிரெட் ஹார்ட் முதல் ஸ்டிங்கை வெண்டார், பிறகு அண்டைக்கே கிறிஸ் பென்வாவோட இறுதி ஆட்டம். (2007ல மனிசியையும் மகனையும் கொலை செய்த ஆள், இப்ப அந்தப் பேரை எழுதக் கை கூசுது, ஆனா நடந்தது நடந்ததுதானே.) ரெண்டு பேரும் கனடாக்காரர். ரெண்டு வருசத்துக்கு முந்தி மொன்றியலில, அவருக்குச் சொல்லாமலே ஆட்டத்தின்ர முடிவை மாத்தி, வின்ஸ் பிரெட்டுக்குச் செய்த துரோகத்தை அந்த அரங்கில ஒருத்தரும் மறக்கேல்ல. ஹாலும் நாஷும் வந்து குழப்பினாங்கள், நாங்கள் கத்தின கத்தில மச்சானுக்கு மூண்டு நாள் குரல் இல்லை. பிரெட் தன்ர ஷார்ப்ஷூட்டர் பிடியைப் போட்டு முடிச்சார். எனக்கு முன் வரிசையில இருந்த ஒரு வயசாளி தொப்பியைக் கழட்டி நெஞ்சில வச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டவர். கைகூடத் தட்டேல்ல.

செத்த பெல்ட்டுக்கு ஆர் தொப்பி கழட்டுவினம்?


கருப்புச்சட்டை:

தம்பி, செத்தவர்களுக்குத்தான் தொப்பி கழற்றுவார்கள்.

(மன்னிக்கவும், வாய்ப்பு வந்தது, விட மனசில்லை.)


ஸ்காபரோக்காரன்:

😂 சரி, அதுக்கு நான் என்ன சொல்ல.

ஆனா அண்ணை, கேளுங்கோ. எனக்கெண்டா அந்தப் பட்டம் செத்தது டிசம்பர் 19. ஸ்டார்கேட், வாஷிங்டன். கோல்ட்பர்க் விட்ட உதை பிரெட்டின்ர தலையில பட்டது. மூளை அதிர்ச்சி. அது தெரியாம அவர் பிறகும் ஆட்டங்கள் ஆடினவர், ஜனவரியில பட்டத்தை விட்டிட்டார், பிறகு டபிள்யூ.சி.டபிள்யூ.வில ஆட்டமே இல்லை, 2000 முடியமுந்தியே ஓய்வு எண்டு அறிவிச்சார். அதுக்கு முந்தி நடந்த எல்லாம் எழுதி வச்ச கதை: விரல், மின்சாரக் குச்சி, போலீஸ். இது ஒண்டுதான் ஒருத்தரும் எழுதாதது. கதைக்குள்ள இருந்த பட்டத்தை நிஜம் வந்து உதைச்சுது.


கணக்கர்:

எழுத்து அருமை. ஆனால் இதுவும் உணர்ச்சித் தேதிதான். ஒரு சாம்பியனுக்கு அடிபட்டால் பட்டம் சாகாது. சிட் வந்தார், ஜாரெட் வந்தார், ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது.


மொட்டைமாடி:

"நடந்துகொண்டுதான் இருந்தது"ன்னு சொல்றீங்களே, எப்படி நடந்துச்சுன்னும் சொல்லணும்ல? 2000 ஏப்ரல்ல வின்ஸ் ரூஸோ (மெக்மஹன் இல்ல, இவரு வேற வின்ஸ்) வந்து எல்லா பட்டத்தையும் ஒரே நாள்ல காலி பண்ணாரு. மே மாசம் ஒண்ணுல மட்டும் ஜாரெட், ஃபிளேர், நாஷ்னு பெல்ட் மாறி மாறிப் போச்சு. மியூசிக்கல் சேர்ல பாட்டாவது நிக்கும். செப்டம்பர்ல ரூஸோவே ஜெயிச்சிட்டாரு! கதை எழுதறவரு! எப்படி? கோல்ட்பர்க் அவரைக் கூண்டோட சேத்து முட்டி வெளிய தள்ளினாரு. முதல்ல வெளிய வந்தவரு ஜெயிச்சவரு. ஆம்புலன்ஸ்ல போற மாதிரி போயி உலக சாம்பியன் ஆன ஒரே மனுஷன். அடுத்த வாரமே பெல்ட் வேணாம்னுட்டாரு.

சின்ன வயசுல எங்க தெருவுல டிரம்ப் கார்டு வெளாடுவோம். உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ். அந்தக் கார்டு கை மாறினதுகூட 2000ல இந்த பெல்ட் கை மாறினதைவிட நியாயமா இருந்துச்சு.


கணக்கர்:

அதே 2000 ஜூலை 9, டேடோனா பீச்சில் என்ன நடந்தது என்பதை மட்டும் லாவகமாகத் தாண்டிவிட்டீர்கள். ஜாரெட் மணி அடித்ததும் ஹோகனுக்கு முன்னால் தானாகப் படுத்துக்கொண்டார், ஹோகன் ஒரு காலை வைத்து வென்றார், வெளியே போனார். அப்புறம் ரூஸோ வந்து மைக்கில் ஹோகனை வாய்க்கு வந்தபடி திட்டினார், அது பின்னாளில் அவதூறு வழக்குவரை போனது. இவ்வளவு அசிங்கத்துக்குப் பிறகு, அதே இரவின் கடைசியில் புக்கர் டி ஜாரெட்டை வென்று சாம்பியன் ஆனார். டேக் டீமில் அண்ணனோடு வருஷக்கணக்காக உழைத்தவர், இளமையில் சிறைக்குப் போய்த் திரும்பியவர். அவருக்கு அந்தப் பட்டம் பொம்மை இல்லை. பிற்பாடு ஐந்துமுறை சாம்பியன், ஐந்துமுறை சாம்பியன் என்று விரல் விரித்துச் சொல்வாரே, அந்தக் கணக்கு அந்த ராத்திரியில்தான் தொடங்குகிறது. பட்டம் செத்திருந்தால் அவர் எதை ஐந்துமுறை வென்றார்?

அவர் நாலாவதாக வென்ற நாளையும் பாருங்கள். 2001 மார்ச் 26, பனாமா சிட்டி பீச், கடைசி நைட்ரோ. எல்லோருக்கும் வேலை போகப்போகிறது என்று தெரியும். ஸ்காட் ஸ்டெய்னரும் புக்கரும் வந்து ஆடினார்கள். ஐந்து நிமிஷ ஆட்டம், அதில் ஒரு கேலி இல்லை, குறுக்கீடு இல்லை. மூன்று வருஷத்தில் இந்தப் பட்டத்துக்கு நடந்த மிக நேர்மையான கைமாற்றம் அதுதான் என்பேன்.


மட்டுறுத்துநர்:

ரூஸோ, ஹோகன் பற்றி வந்த மூன்று பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். வழக்கு நடந்தது என்று சொல்வது வேறு, ஆளைத் திட்டுவது வேறு. ரெஸ்லர் கிரேட் காளி பற்றிய பின்னூட்டம் இருக்கட்டும், அது சண்டையாகாதவரை.


தங்கமுலாம்:

காளி பற்றிப் போட்டது நான்தான், சண்டைக்கு வரவில்லை. ஒரு சந்தேகம். 2007இல் கிரேட் காளி வென்ற தங்க பெல்ட்டும் இதே பெல்ட்தானே? பார்க்க அச்சு அசலாக அப்படியேதான் இருந்தது. அப்படியென்றால் 2001இல் செத்தது எப்படி? நம்ம ஊர் ஆளே வென்றிருக்கிறாரே.


பழையபேப்பர்:

தோற்றம் அதே, பட்டம் வேறு. 2002 செப்டம்பர் 2 அன்று பிஷாஃப் பெட்டியைத் திறந்து டிரிபிள் எச்சிடம் அந்த வடிவ பெல்ட்டைக் கொடுத்தார். ஆட்டமே இல்லை. டபிள்யூ.டபிள்யூ.இ.யின் கணக்கில் அது புதிய பட்டம். 2013 டிசம்பரில் ராண்டி ஆர்ட்டன் ஜான் சீனாவை வென்று அதையும் இணைத்துவிட்டார். செத்தவர் நகையைப் பேரன் போட்டுக்கொண்டதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். பேரனும் போய்விட்டான்.


ஸ்காபரோக்காரன்:

அதுக்கு முந்தின கட்டத்தை விட்டிட்டியள் ஐயா. 2002 மார்ச் 17, டொரொண்டோ ஸ்கைடோம், ரெஸில்மேனியா. அதுக்கும் போனனான், இந்த முறை உழைச்ச காசில. ஜெரிக்கோட்ட அப்ப ரெண்டு பெல்ட்டும் இருந்தது, டிரிபிள் எச் வெண்டு ரெண்டையும் தூக்கிக் காட்டினார். ஏப்ரலில ரெண்டையும் எடுத்துப்போட்டு ஒரே ஒரு புது பெல்ட் குடுத்தவை. தங்க பெல்ட் எங்க போச்சுது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. நானும் கேக்கேல்ல எண்டதுதான் இப்ப யோசிக்கக் கவலையா இருக்கு. ரெண்டரை வருசத்துக்கு முந்தி அதே பெல்ட்டுக்காகத் தொண்டை கிழியக் கத்தின பெடியன் நான்.


கருப்புச்சட்டை:

இதை நான் பிடித்துக்கொள்கிறேன். நீங்களே கேட்கவில்லை பாருங்கள். அதற்கும் முன்னால், 2001 ஜூலை 2, டக்கோமா. ரா மேடையைக் கடைசி இருபது நிமிஷம் டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்கே விட்டுக்கொடுத்தார்கள். வர்ணனையாளர்கள்கூட மாறினார்கள். உலகப் பட்டத்துக்கு புக்கர் டி எதிர் பஃப் பேக்வெல். கூட்டம் ஊளையிட்டது. புக்கர் அதே புக்கர்தான், கணக்கர் சொன்ன நேர்மையான சாம்பியன்தான். பெல்ட்டும் அதே பெல்ட். மூன்று மாதத்தில் என்ன ஆனது?

கெல்னர் கொன்றார் என்றால் ஜனம் அழுதிருக்க வேண்டும். ஜனம் ஊளையிட்டது. அதை அந்த நிலைக்குப் பழக்கியது யார்?


கணக்கர்:

டக்கோமா வின்ஸின் ஊர் மாதிரி. எதிராளி வீட்டுக் கல்யாணத்தில் நம் பாட்டு போட்டால் ஆடுவார்களா? தவிர அந்த ஆட்டம் மோசம், பேக்வெல் அன்று நன்றாக ஆடவில்லை. அதை வைத்துப் பத்து வருஷப் பட்டத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

உங்களிடம் நேராக ஒரு கேள்வி கேட்கிறேன். 1998 ஜூலை 6, அதே ஜார்ஜியா டோம். நாற்பதாயிரம் பேர். கோல்ட்பர்க் அன்று முதலில் ஸ்காட் ஹாலை வென்று, பிறகு ஹோகனைத் தூக்கி அடித்துப் பட்டத்தை எடுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட பட்டம் ஆறே மாதத்தில், ஒரு விரலால், செத்துப்போகுமா?


கருப்புச்சட்டை:

நேற்று ராத்திரி முழுக்க இந்தக் கேள்வியோடுதான் இருந்தேன். அந்த ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். கோல்ட்பர்க் ஹோகனைத் தலைக்குமேல் செங்குத்தாக நிறுத்தி வைத்திருப்பாரே, அந்த ஒரு நொடியில் பின்னால் மாடி வரிசையில் காமிரா விளக்குகள் பொரிபோல வெடிக்கும். இப்போதும் புல்லரிக்கிறது. மறுக்கவில்லை.

ஆனால் பார்த்து முடித்தபின் வேறொன்று உறுத்தியது. அந்த ஆட்டத்தை எத்தனை நாள் முன்பு அறிவித்தார்கள்? நாலு நாள். காசு வாங்கியா காட்டினார்கள்? இல்லை, திங்கட்கிழமை டி.வி.யில் சும்மா. அடுத்த ஞாயிறு, ஜூலை 12, காசு கட்டிப் பார்க்கிற பே-பெர்-வியூ இருந்தது. அதில் முக்கிய ஆட்டம் என்ன? ஹோகனும் கூடைப்பந்து ராட்மனும் ஒரு பக்கம், பேஜும் கூடைப்பந்து கார்ல் மலோனும் மறுபக்கம். அதாவது ஜனம் மாதக்கணக்காகக் காசு கட்டிப் பார்க்கத் தயாராக இருந்த ஒரே ஆட்டத்தை, ஒரே ஒரு வாரம் ராவை முந்த வேண்டும் என்பதற்காக எரித்துவிட்டார்கள். ஏப்ரலிலேயே ரா அவர்களுடைய எண்பது வாரத்துக்கு மேலான வெற்றித் தொடரை உடைத்திருந்தது, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விதைநெல்லைப் பொங்கிச் சாப்பிட்ட ராத்திரி அது. ருசியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் பட்டம் என்பது திங்கட்கிழமை ரேட்டிங்குக்குத் தூண்டில் புழு. மின்சாரக் குச்சி, விரல், 99 ஏப்ரல் 26இல் ஸ்டிங்கும் பேஜும் ஒரே ராத்திரியில் மாற்றி மாற்றி வென்றது, ஆர்கெட், எல்லாம் அதே புழுவை வேறு வேறு முள்ளில் மாட்டியதுதான்.

அதனால் என் தேதியை மாற்றிக்கொள்கிறேன். 1998 ஜூலை 6. கணக்கருக்கு நன்றி, கடுப்போடு.


கணக்கர்:

நான் உயிரோடிருந்ததற்குக் காட்டிய சாட்சியையே மரணச் சான்றிதழாக மாற்றிவிட்டீர்கள். இதற்கு எந்தக் கணக்கிலும் பதில் இல்லை. ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. அந்த ஜூலைக்குப் பிறகும் கோல்ட்பர்க் கையில் பட்டம் ஐந்தரை மாதம் கௌரவமாக இருந்தது.


மொட்டைமாடி:

கருப்புச்சட்டை அண்ணே, 99 ஜனவரில ஆரம்பிச்சு 98 ஜூலைக்கு வந்துட்டீங்க. பின்னாடியே நடந்து போறீங்க. பழையபேப்பர் சார் 91ல திண்ணையில உக்காந்து வெத்தலை மடிச்சிட்டு இருக்காரு, இன்னும் ரெண்டு பக்கம் ஓடினா நேரா அவர் வீட்டு வாசல்தான்.


பழையபேப்பர்:

நான் 91லேயே உட்கார்ந்திருப்பேன் என்று யார் சொன்னது? 1988 நவம்பரில் ஜிம் கிராக்கெட் தன் கம்பெனியை, பிறகு டபிள்யூ.சி.டபிள்யூ. ஆன அதை, டெட் டர்னரிடம் விற்றாரே, அதை நான் இன்னும் தொடவே இல்லை.